மட்சுமோத்தோவின் பழைய கைச்சி பள்ளி: பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் நகானோ மாநிலத்தில், மட்சுமோத்தோ கோட்டைக்குச் சற்று வடக்கே, வெள்ளைச் சுவரும் எண்கோணக் கோபுரமுமாக ஒரு பழைய தொடக்கப் பள்ளி நிற்கிறது. கட்டி முடித்தது 1876இல். 2019இல் ஜப்பான் அரசு இதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. நவீன காலப் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இங்கே இருபது நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். எதை, எங்கே நின்று பார்ப்பது என்று தெரிந்து போனால் இந்தக் கட்டடம் கோட்டைக்கு இளைத்தது அல்ல. அதற்காகவே இந்தப் பக்கம்.

இதைக் கட்டியது ஐரோப்பியரா?

இல்லை. மட்சுமோத்தோ ஊர்த் தலைமைத் தச்சர் தத்தேயிஷி செய்ஜூ கட்டினார். மேற்கத்தியக் கட்டடக் கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அப்போது ஜப்பானில் அப்படிப் படிக்கவும் வழியில்லை. தோக்கியோவுக்கும் யோக்கோஹாமாவுக்கும் போய், வெளிநாட்டார் கட்டிய வீடுகளையும் புதுப் பள்ளிகளையும் கண்ணால் பார்த்து, வரைந்துகொண்டு, குறிப்பெழுதிக்கொண்டு ஊர் திரும்பினார். பார்த்ததை, தமக்குத் தெரிந்த மர வேலையாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டினார்.

மெய்ஜி பேரரசர் ஆட்சியின் (1868–1912) முதல் இருபது ஆண்டுகளில் ஜப்பான் முழுக்க இப்படிப் பல கட்டடங்கள் எழுந்தன. இந்தப் பாணிக்கு கியோஃபூ என்று பெயர். மரச் சட்டகமும் ஓட்டுக் கூரையும் ஜப்பானிய முறை. ஜன்னல், கோபுரம், மூலைக் கல், போர்ட்டிகோ என்ற தூண் வைத்த வாசல் முகப்பு எல்லாம் மேற்கத்தியத் தோற்றம். முறைப்படி படித்த கட்டடக் கலைஞர்கள் பெருகியதும் இந்தப் பாணி மறைந்துவிட்டது. அதனால் எஞ்சியிருப்பவை குறைவு.

மேற்கத்தியக் கட்டடம் பார்க்க ஜப்பானுக்கு எதற்குப் போக வேண்டும்? அசல்தான் ஐரோப்பாவில் இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கைச்சி பள்ளியை நகல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பார்வை தவறுகிறது. ஐரோப்பாவில் எந்தப் பள்ளியின் வாசலிலும் தேவதைகளுக்குக் கீழே ஒரு கடல்நாகம் (காலுள்ள கற்பனை விலங்கான டிராகன்) நெளியாது. கோயில் கதவைக் கொண்டுவந்து வகுப்பறைக்கு வைத்திருக்க மாட்டார்கள். சாந்தைக் கல்லாகவும், மலிவான மரத்தை விலையுயர்ந்த மரமாகவும் காட்டும் அளவுக்கு ஒரு தச்சர் தம் கைத்திறனையெல்லாம் ஒரு தொடக்கப் பள்ளியில் கொட்டியிருப்பதை அங்கே காண முடியாது. முன்பின் பழகாத ஒன்றைத் தன் கைக்கருவிகளால் கட்டிப் பார்த்த ஒரு தலைமுறையின் துணிவு இது. அந்தக் கண்ணோடு போனால், ‘தப்பாகச் செய்திருக்கிறார்களே’ என்று தோன்றும் ஒவ்வொரு இடமும் இந்தக் கட்டடத்தின் சிறந்த இடமாகிவிடும்.

இவ்வளவு அலங்காரத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

செலவு சுமார் 11,000 யென். அந்தக் காலத்துக்கு இது மிகப் பெரிய தொகை. அதில் ஏறத்தாழ 70 சதவீதத்தை ஊர் மக்களே நன்கொடையாகக் கொடுத்தார்கள்.

இதன் பின்னணி தெரிந்தால் அந்த எண்ணின் கனம் புரியும். 1872இல் புதிய அரசு கல்விச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டை எட்டுப் பெரிய கல்வி வட்டங்களாகப் பிரித்து மொத்தம் 53,760 தொடக்கப் பள்ளிகள் திறப்பதாகத் திட்டம். ஆனால் பள்ளி கட்டும் செலவும் மாணவர் கட்டணமும் பெரும்பாலும் மக்கள் தலையில்தான் விழுந்தன. சில பகுதிகளில் மக்கள் கொதித்தெழுந்து புதுப் பள்ளிகளைக் கொளுத்தினார்கள். மட்சுமோத்தோ அப்போது சிக்குமா என்ற மாநிலத்தின் தலைநகர். அதன் ஆளுநர் நகயாமா மொரிதேரு கல்விக்கு முன்னுரிமை கொடுத்து ஊர் ஊராகப் பேசிப் பிரசாரம் செய்தவர். பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில் சிக்குமா நாட்டின் முன்வரிசையில் இருந்தது. எரிக்கப்பட்ட பள்ளிகளும், ஊரே கூடிப் பணம் போட்டுக் கட்டிய இந்தப் பள்ளியும் ஒரே காலத்தவை.

முகப்பில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

டிக்கெட் வாங்கியதும் நேரே உள்ளே போய்விடாதீர்கள். வாசலுக்கு எதிரே, முகப்பு முழுதும் கண்ணுக்குள் அடங்கும் தூரத்தில் நின்று, மேலிருந்து கீழே இறங்குங்கள்.

உச்சியில் எண்கோணக் கோபுரம். அதன் நுனியில் காற்றுத் திசைகாட்டி. நான்கு திசைகளும் சீன எழுத்துகளில் இருக்கும். கோபுரத்துக்குக் கீழே நீலச் சாம்பல் ஓடு வேய்ந்த பெரிய கூரை. ஊர்க் கோயில்களிலும் வீடுகளிலும் பார்க்கும் அதே ஓடு.

அடுத்து, கூரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாசல் பகுதி. அதன் மேல்மாடத்துக்கு வில்போல் வளைந்த ஒரு முகட்டுக் கூரை இருக்கிறது. இந்த வளைவு கோட்டைகள், கோயில்கள், பிரபுக்களின் மாளிகைகள் ஆகியவற்றுக்கே உரிய கௌரவ அடையாளம். அந்த ஜப்பானிய வளைவோடு சேர்ந்தே இறக்கை விரித்த இரண்டு குழந்தைத் தேவதைகள் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பிடித்திருக்கிறார்கள். தேவதைகளை தத்தேயிஷி எந்தத் தேவாலயத்திலிருந்தும் எடுக்கவில்லை. தோக்கியோ நிச்சிநிச்சி என்ற செய்தித்தாளின் பெயரில் வந்த வண்ண மரஅச்சுப் படங்களில், தலைப்பைத் தாங்கிக்கொண்டு இப்படி இரண்டு தேவதைகள் இருப்பார்கள். அந்தப் படம்தான் இங்கே சிற்பமாகியிருக்கிறது. முகங்களை உற்றுப் பாருங்கள், ஐரோப்பியச் சாயலைவிட உள்ளூர்ப் பொம்மைச் சாயலே தெரியும்.

தேவதைகளுக்குக் கீழே பால்கனி. கைப்பிடிச் சுவர் முழுக்கச் சுருள் சுருளான மேகங்கள். அதற்கும் கீழே, போர்ட்டிகோவின் நெற்றியில், கடல்நாகம். ஜப்பானியக் கோயில் தச்சர் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிப் பழகிய உருவம் இது. மேகத்திலும் நாகத்திலும் உளி தயங்காமல் ஓடியிருப்பது தெரியும். தேவதைகளில் அந்தச் சரளம் இல்லை. ஒரே முகப்பில், கைக்குப் பழகியதும் பழகாததும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. பத்து நிமிடமாவது இங்கே நில்லுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. தேவதைகள் இருக்கும் உயரத்துக்கு வெறுங்கண் போதாது.

மூலைகளில் தெரியும் சாம்பல் நிறக் கற்கள் உண்மையான கல்தானா?

கல் இல்லை, சாந்து. உள்ளே இருப்பது மரச் சட்டகம். மேலே பூசியிருப்பது ஷிக்குயி என்ற ஜப்பானியச் சுதை: நீற்றிய சுண்ணாம்பு, கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை, சணல் போன்ற நார். பசை சாந்தை வழவழப்பாக்கிக் கரணை வழுக்கிக்கொண்டு போக உதவும், தண்ணீர் சட்டென்று உலர்ந்துவிடாமலும் பிடித்துவைக்கும். நார் வெடிப்பைத் தடுக்கும்.

மேற்கத்தியக் கற்கட்டடங்களில் இரண்டு சுவர் சேரும் மூலையில் நீளக் கல்லும் குட்டைக் கல்லும் மாறி மாறி வரும். அங்கே அது சுவர்களைக் கோத்துப் பிடிப்பதற்கான ஏற்பாடு. இங்கே பாரத்தைத் தாங்குவது மரத்தூண். மூலைக்கல்லுக்கு வேலையே கிடையாது. இருந்தும் தத்தேயிஷி சாம்பல் சாந்தில் கல் கல்லாகப் பிரித்து உருவாக்கியிருக்கிறார். சுவரின் அடிப்பகுதியும் அப்படியே கல் போலத் தெரியும்.

சுதைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நீர்: விரிசல் வழியே இறங்கும் மழை பின்னால் இருக்கும் மரத்தை நனைக்கும், மரம் உப்பும், சாந்து பிடிப்பு விட்டுத் தனியே நிற்கும். இன்னொன்று அசைவு: நிலம் நடுங்கும்போது மரச் சட்டகம் வளைந்து கொடுக்கும், சுதையால் வளைய முடியாது. பார்வையாளர் கையின் எண்ணெயும் அழுக்கும் வெள்ளைச் சுவரில் ஏறினால் எடுப்பது கடினம். ‘கல்லா, சாந்தா’ என்று தட்டிப் பார்க்க ஆசை வரும், தட்ட வேண்டாம்.

உள்ளே தவற விடக்கூடாதவை எவை?

கதவுகளைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் பௌத்தக் கோயில்களுக்கு எதிராக ஓர் அலை எழுந்தது. மட்சுமோத்தோவில் ஜென்க்யூயின் என்ற கோயில் மூடப்பட்டது. கைச்சி பள்ளி 1873இல் முதலில் அந்தக் கோயிலிடத்தில்தான் தொடங்கியது. புதுக் கட்டடம் எழுந்தபோது கோயிலின் மரங்களையும் கதவுகளையும் எடுத்து இதில் சேர்த்தார்கள். நாகம் செதுக்கிய கதவைப் பார்த்து, ‘பள்ளிக்கூடத்துக்கு எதற்கு இது’ என்று வியக்கிறவர்கள் உண்டு. அது கோயிலுக்கென்று செய்த கதவு. சிக்கனமும் மரத்தின் மீதான மரியாதையும் சேர்ந்து அதை இங்கே கொண்டுவந்திருக்கின்றன.

மற்ற கதவுகளை அருகில் போய்ப் பாருங்கள். மர ரேகை கொஞ்சம் அளவுக்கு மீறி அழகாக இருக்கும். அது வண்ணம் தீட்டியது. சாதாரண மரத்தின்மேல் உயர்ந்த மரத்தின் ரேகையைத் தூரிகையால் வரைந்திருக்கிறார்கள்.

பிறகு கண்ணாடி. ஜப்பானில் ஜன்னல் கண்ணாடித் தகடு தொழிற்சாலை அளவில் தயாரானது 1909 வாக்கில்தான். 1876இல் இதற்கு வேண்டிய கண்ணாடி கப்பலில்தான் வந்தாக வேண்டும். மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு அதை உடையாமல் சேர்ப்பது சாதாரணக் காரியம் அல்ல. கண்ணாடி பளபளத்த அந்தக் கட்டடத்தை ஊரார் ‘கியாமன் பள்ளி’ என்று அழைத்தார்கள். கியாமன் என்றால் அந்தக் காலப் பேச்சில் கண்ணாடி. பழைய தகட்டை அடையாளம் காண, ஜன்னலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று தலையை மெல்ல அசையுங்கள். வெளியே தெரியும் மரக்கிளை நெளிந்தால் பழைய தகடு, நெளியாமல் நின்றால் பின்னாளில் மாற்றியது.

மேல்தளத்து மண்டபத்தை அவசரப்படாமல் பாருங்கள். 1880இல் மெய்ஜி பேரரசர் இந்தப் பகுதிக்கு வந்தபோது இந்தப் பள்ளிக்கும் வருகை தந்தார்.

காட்சிக்கு வைத்திருப்பவை எல்லாம் ஜப்பானியருக்கு மட்டும் சுவையானவையா?

பள்ளிக்குப் போன எவருக்கும் சுவையானவை. இந்த அருங்காட்சியகத்தின் கையிருப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்வி ஆவணங்களும் பொருட்களும் உள்ளன. அதில் ஒரு பகுதிதான் காட்சியில் இருக்கும்.

சுவரில் மாட்டும் பெரிய படப் பலகைகளைக் கவனியுங்கள். பாடநூல் எல்லார் கையிலும் இல்லாத காலம். ஆசிரியர் கோலால் படத்தைச் சுட்டுவார், வகுப்பே சேர்ந்து சொல்லும். எழுதிப் பழகச் சிலேட்டு. அன்றைய தொடக்கக் கல்வி எட்டு ஆண்டு: கீழ்நிலை நான்கு, மேல்நிலை நான்கு. ஒவ்வொன்றும் ஆறு மாதப் படிகள் எட்டு. தேர்வில் தேறினால்தான் அடுத்த படி. சான்றிதழ்களில் ‘எட்டாம் படி’ என்று இருந்தால் அதுதான் தொடக்கம், ‘முதல் படி’ என்பதுதான் உச்சம். நம் வழக்கத்துக்கு நேர் எதிராக எண்ணியதால் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கூலிக்குப் பிள்ளை பார்த்த சிறுமிகளுக்கு நடந்த வகுப்பு பற்றிய பகுதியைக் கண்டால் நில்லுங்கள். முதுகில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டே அந்தச் சிறுமிகள் பாடம் படித்தார்கள். பள்ளிக்கு வர முடியாதவர்களுக்காகப் பள்ளியை மாற்றிக்கொண்ட அந்த முயற்சி, கோபுரத்தைவிடப் பெரிய சாதனை என்பது எங்கள் எண்ணம்.

கோபுரத்தில் ஏறலாமா?

முடியாது, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மேலே போகும் சுழல் படியைக் கீழிருந்து பார்க்கலாம்.

இந்தக் கட்டடம் முதலிலிருந்தே இங்கேதான் இருக்கிறதா?

இல்லை. முதலில் நகரின் நடுவே, மெதோபா ஆற்றங்கரையில் இருந்தது. சுமார் 90 ஆண்டுகள், 1963 வரை, பிள்ளைகள் அதில் படித்தார்கள். 1961இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். ஆற்றைச் சீரமைக்கும் பணி வந்தபோது கட்டடத்தைப் பிரித்து இப்போதைய இடத்துக்குக் கொண்டுவந்து எழுப்பினார்கள். 1965இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. மரக் கட்டடம் என்பதால்தான் இது சாத்தியமானது: முளையும் துளையுமாகக் கோத்த சட்டகத்தை எண்ணிட்டுக் கழற்றி மறுபடி கோக்கலாம். சுதையைக் கழற்ற முடியாது, அது புதிதாகப் பூசியாக வேண்டும். ‘1876 கட்டடம்’ என்று சொல்லும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலநடுக்கத்தைத் தாங்கும் வலு போதாது என்று தெரிந்ததால் 2021இல் மூடி, வலுவூட்டி, 2024 நவம்பரில் மறுபடி திறந்தார்கள். இணையத்தில் ‘மூடப்பட்டுள்ளது’ என்று இன்னும் கிடக்கும் பதிவுகள் அந்த இடைக்காலத்தவை.

எப்படிப் போவது?

தோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து அசுசா விரைவு ரயில். தூரம் சுமார் 225 கிலோமீட்டர், நேரம் இரண்டரை முதல் இரண்டே முக்கால் மணி. நகோயாவிலிருந்து ஷினானோ விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி. நகானோ நகரிலிருந்து அதே ஷினானோவில் சுமார் 50 நிமிடம்.

அசுசாவில் முன்பதிவில்லாப் பெட்டி கிடையாது. இது தெரியாமல் ஏறிவிட்டுத் தடுமாறுகிறவர்கள் அதிகம். குறிப்பிட்ட இருக்கை எடுக்காமலும் டிக்கெட் வாங்கலாம். அப்போது இருக்கைக்கு மேலே இருக்கும் விளக்கைப் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் காலி, உட்காரலாம். மஞ்சள் என்றால் சீக்கிரம் யாரோ வருவார்கள். பச்சை என்றால் விற்றாகிவிட்டது. நம் பழக்கத்தில் பச்சையைக் கண்டு உட்கார்ந்துவிடுவோம், இங்கே நேர்மாறு. ரயில் பாஸ் வைத்திருப்பவர்களும் புறப்படும் முன் இருக்கை எடுத்துக்கொள்வது நல்லது. மே மாதத் தொடக்கத்துத் தொடர் விடுமுறையிலும் அக்டோபர், நவம்பர் வார இறுதிகளிலும் இடம் கிடைப்பது சிரமம்.

மட்சுமோத்தோ நிலையத்திலிருந்து பள்ளிக்கு நடந்தால் சுமார் 25 நிமிடம். கோட்டையிலிருந்து வடக்கே 10 நிமிடம். டவுன் ஸ்னீக்கர் என்ற நகரப் பேருந்தின் வடக்கு வழித்தடம் பள்ளிக்கு அருகே நிற்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இன்றைய கைச்சி தொடக்கப் பள்ளி பக்கத்திலேயே இயங்குகிறது. வரைபடத்தில் பள்ளியின் பெயரை மட்டும் தேடினால் அதன் வாசலில் போய் நிற்பீர்கள். ‘பழைய’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள்.

நேரம், விடுமுறை?

வழக்கமான நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை. கடைசி நுழைவு அரை மணி முன்னதாக, 4:30க்கு. மூடியிருக்கக்கூடும் என்று கவனிக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை, அதிலும் குளிர்காலத் திங்கள். திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து மறுநாள் மூடுவது ஜப்பானிய அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஆகவே விடுமுறைக்கு அடுத்த செவ்வாயும் ஐயத்துக்குரியது. ஆண்டு முடிவில் டிசம்பர் கடைசி நாட்களும் ஜனவரி முதல் நாட்களும் மூடியிருக்கும். கட்டணமும் விடுமுறைப் பட்டியலும் மாறக்கூடியவை. புறப்படும் வாரத்தில் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கோட்டையும் பள்ளியும் ஒரே நாளில் முடியுமா?

நிதானமாகவே முடியும். பள்ளிக்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள், அதில் அரை மணி வெளியே. கோட்டைக்கு இரண்டு மணி.

கூட்டமான நாட்களில் கோட்டையை முதலில் பாருங்கள். அது 8:30க்கே திறக்கும், நேரம் ஏற ஏற வரிசை நீளும். உள்ளே படிகள் ஏணிபோல் செங்குத்தானவை, கால் ஓயும். பிறகு வடக்கே நடந்தால் பள்ளி. கூட்டமில்லாத நாளில் பள்ளியை 9 மணிக்கே பார்ப்பது மேல். மேல்தளத்து மண்டபத்தில் நீங்கள் மட்டும் இருக்கக்கூடிய நேரம் அதுதான். தோக்கியோவிலிருந்து காலையில் புறப்பட்டு அன்றே திரும்புவதும் முடியும், ஆனால் இரவு தங்கினால் இரண்டையும் அவசரமின்றிப் பார்க்கலாம்.

காலணி, உடை, பை?

காலணியை வாசலில் கழற்ற வேண்டும். கயிறு கட்டும் உயரமான பூட்ஸைத் தவிர்த்தால் வாசலில் மற்றவரை நிறுத்தி வைக்க நேராது. சாக்ஸ் கட்டாயம் போட்டுப் போங்கள். மரத்தரை வழவழப்பானது, உள்ளே போட்டுக்கொள்ளச் செருப்பு கொடுத்தால் படியில் அது கழன்று விழும், மெல்ல ஏறி இறங்குங்கள்.

மட்சுமோத்தோ கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரிக் காலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து பாகைக்கும் போகும். பழைய மரக் கட்டடத்தின் தரைக்குளிர் பாதம் வழியே ஏறும். மெல்லிய பருத்திச் சாக்ஸோடு போனவர்கள் மேல்தளத்தைப் பாதியில் விட்டு இறங்கிவிடுகிறார்கள். கம்பளிச் சாக்ஸ் ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும்.

முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது அது கதவிலும் கண்ணாடியிலும் இடிக்கும். பெரிய பெட்டியை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு வருவதே சரி.

புகைப்படம் எடுக்கலாமா?

வெளியே தாராளமாக. உள்ளே ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபிக் குச்சி வேண்டாம். ‘படம் எடுக்கக் கூடாது’ என்ற குறி இருக்கும் பொருட்களை விட்டுவிடுங்கள். இரவல் பெற்ற பொருட்களுக்குத் தனி விதி இருக்கும். ஃபிளாஷின் ஒளி பழைய காகிதத்தையும் சாய வண்ணத்தையும் வெளுக்கச் செய்வதால்தான் இந்தக் கண்டிப்பு.

முகப்பை அகலக் கோண லென்ஸில் கிட்டே நின்று எடுத்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து, ஊசிபோல் சுருங்கிவிடும். பின்னால் நகர்ந்து, கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். பக்கத்துப் பள்ளியின் பிள்ளைகள் படத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இது வெறும் மரியாதை அல்ல, அங்குள்ள பெற்றோருக்கு மிக முக்கியமான விஷயம்.

ஜப்பானிய மொழி தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். கைபேசியின் மொழிபெயர்ப்புக் கேமரா அச்சிட்ட விளக்கப் பலகைகளுக்குப் போதும். தடுமாறும் இடங்கள் இரண்டு. தூரிகையால் எழுதிய பழைய ஆவணங்களை அது படிக்காது, பக்கத்தில் இருக்கும் அச்சு விளக்கத்தைக் காட்டுங்கள். பழைய பெயர்ப்பலகைகள் வலமிருந்து இடமாக எழுதியவை. தேவதைகள் பிடித்திருக்கும் பலகையும் அப்படித்தான். கேமரா அதை இடமிருந்து வலமாக வாசித்து உளறும்.

ஆண்டுகள் பேரரசர் ஆட்சிக் கணக்கில் இருக்கும். மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டுங்கள்: மெய்ஜி 9 என்றால் 1876. தாய்ஷோவுக்கு 1911, ஷோவாவுக்கு 1925, ஹெய்சேய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018. இந்த ஐந்து எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் ஜப்பானின் எந்த அருங்காட்சியகத்திலும் உதவும்.

முதியவர்களும் குழந்தைகளும் வரலாமா?

வரலாம். மேல்தளத்துக்கு மரப்படி வழியாகத்தான் போக வேண்டும். சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டு வந்தால் பணியாளர்கள் வழி சொல்வார்கள். குழந்தைகளிடம் ‘மேகம் எத்தனை, நாகத்தின் கால் எங்கே, தேவதையின் கை எதைப் பிடித்திருக்கிறது’ என்று கேட்டு வெளியிலேயே தேடவிடுங்கள். உள்ளே ஓடும் ஆசை பாதி தணிந்துவிடும்.

அங்கே வேறு என்ன பார்க்கலாம்?

பள்ளிக்கு அடுத்தே பழைய பாதிரியார் இல்லம் இருக்கிறது. 1889இல் பிரெஞ்சுப் பாதிரியார் கிளேமாங் கட்டியது, பிறகு இங்கே பெயர்த்துக் கொண்டுவந்தது. பலகை அடுக்கிய சுவரும் தாழ்வாரமுமாக, அலங்காரமே இல்லாத எளிய வீடு. மேற்கத்தியர் தமக்காகக் கட்டிக்கொண்டதும், மேற்கை நினைத்து ஒரு ஜப்பானியத் தச்சர் கட்டியதும் அருகருகே இருப்பது அபூர்வம். பள்ளியைப் பார்த்த கையோடு பாருங்கள்.

நேரமிருந்தால் நிலையத்துக்குக் கிழக்கே அகத்தா வனப் பூங்காவிலுள்ள பழைய மட்சுமோத்தோ உயர்கல்விப் பள்ளிக்கும் போகலாம். தாய்ஷோ காலத்து மரக் கட்டடம். அதற்குள் அரசிடம் படித்த பொறியாளர்கள் வந்துவிட்டார்கள். எல்லாம் முறையாக, அளவாக இருக்கும். நாகமும் இல்லை, தேவதையும் இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பகுதியின் சிறப்பு சோபா என்ற, பக்வீட் தானிய மாவில் செய்த நூடுல்ஸ். நூடுல்ஸில் மீன் இல்லை, ஆனால் தொட்டுக்கொள்ளும் சாற்றில் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவல் போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இது நீங்காது. மீன் சாறும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். ஒயாக்கி என்ற அடைத்த ரொட்டியில் பூசணிக்காய், கத்திரிக்காய், கீரை என்று வகை உண்டு. உள்ளீட்டில் மீன் சுவை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்டிப்பான சைவர்கள் நிலையத்துக் கடைகளில் பழம், வெறுஞ்சோறு வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இதே பாணியில் வேறு பள்ளிகள் உண்டா?

உண்டு, ஒவ்வொன்றும் தனிக் குணம். வழியிலேயே இருப்பது கோஃபு. அசுசா ரயில் நிற்கும் ஊர். நிலையத்தின் வடக்கு வாசலுக்கு எதிரே ஃபுஜிமுரா நினைவு மண்டபம் இருக்கிறது. 1875இல் முட்சுசாவா கிராமத்துப் பள்ளியாக எழுந்தது. இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்க ஒரு மணி நேரம் போதும்.

அதே நகானோ மாநிலத்தின் சாக்கு நகரில் பழைய நகாகோமி பள்ளி. இதுவும் 1875. கட்டியவர் இச்சிகாவா தைஜிரோ, அமெரிக்கா போய்வந்தவர். எண்கோணக் கோபுரத்தில் நேரம் அறிவிக்க ஒரு முரசு தொங்கியது. கோபுரத்து உட்கூரையில் உலக நகரங்களின் பெயர்களைத் திசைவாரியாக எழுதியிருக்கிறார்கள். ஷின்கான்சென் அதிவேக ரயில் நிற்கும் சாக்குதைராவில் இறங்கி கோஉமி வழித்தட ரயிலில் நமெசு நிலையம், அங்கிருந்து நடை. அந்த வழித்தடத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு ரயில்தான், திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

சுதை வேலையில் மனம் போனவர்கள் இசு தீபகற்பத்தின் மட்சுசாக்கிக்குப் போக வேண்டும். 1880இல் கட்டிய இவாஷினா பள்ளியில், சுதைக் கலைஞர் இரியே சோஹாச்சி ஓர் அறையின் மேற்சுவர் நெடுக நாரைக் கூட்டத்தைப் பறக்கவிட்டிருக்கிறார். ரயில் அங்கே போகாது, ஷிமோதா பக்கமிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். மட்சுமோத்தோவோடு ஒரே நாளில் சேர்க்க நினைக்காதீர்கள், அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும்.